விடை தராத பாடநூல்: ஹோஷங்காபாத் நடுநிலைப் பள்ளிகளின் முப்பது ஆண்டுகள்

பதினொரு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில், அதாவது நம் கணக்கில் 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரையிலான காலத்தில், பிள்ளைகளிடம் இரண்டு மாற்றங்கள் ஏறக்குறைய ஒருசேர நிகழ்கின்றன. கண்முன் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, "இது இப்படி இருந்தால் என்ன ஆகும், அப்படி இருந்தால் என்ன ஆகும்" என்று பல வாய்ப்புகளை அடுக்கி ஒப்பிடும் ஆற்றல் அரும்பத் தொடங்குவது ஒன்று. ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே இந்த வயதைத்தான் அருவச் சிந்தனையின் தொடக்கமாகக் குறித்தார். எல்லாப் பிள்ளைகளிடமும் அது ஒரே வேகத்தில் வருவதில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. உடன் படிப்பவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது, பெற்றோரும் ஆசிரியரும் என்ன நினைக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய கவலையாக மாறுவது மற்றொன்று. பள்ளிகள் வழக்கமாக முதல் மாற்றத்தைத் தேர்வின் பொறுப்பிலும், இரண்டாவதை ஒழுங்கு நடவடிக்கையின் பொறுப்பிலும் விட்டுவிடுகின்றன. ஆனால் ஒரு மாணவி வகுப்பில் கை தூக்கி ஒரு சந்தேகத்தைக் கேட்பதா வேண்டாமா என்று தயங்கும் அந்தச் சில நொடிகளில் இரண்டும் ஒன்றாகவே இயங்குகின்றன. கேள்வி அவளிடம் இருக்கிறது. நாற்பது பேர் முன்னால் அதைக் கேட்பதற்கு அவள் கொடுக்க வேண்டிய விலை அதிகமாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஜாக்குலின் எக்கிள்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980களில் மிச்சிகன் மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து சொன்னதும் இதற்கு அருகில் வருகிறது. தானே முடிவெடுக்கும் விருப்பம் வளரும் வயதில் பள்ளி கட்டுப்பாட்டை இறுக்குகிறது. பிறரோடு ஒப்பிடப்படுவதை மனம் தாங்காத வயதில் மதிப்பெண் பட்டியலைப் பொதுவில் ஒட்டுகிறது. ஆகவே அந்த வயதில் படிப்பின் மீதான ஆர்வம் குறைவதற்கு வயதை மட்டும் குறை சொல்ல முடியாது, வயதுக்கும் பள்ளிக்கும் உள்ள பொருத்தமின்மையும் காரணம் என்பது அவர்களின் வாதம். சிந்தனைத் திறனைத் தனிப் பாடவேளையாகவோ பயிற்சி ஏடாகவோ கொடுத்துவிடலாம் என்று நம்புவோர் இந்தப் பொருத்தத்தைக் கவனிப்பதில்லை. இதைக் கவனித்து, ஒரு மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை முப்பது ஆண்டுகள் வேறு விதமாக நடத்திப் பார்த்த முயற்சி ஒன்று நம் நாட்டிலேயே இருந்தது. தமிழில் அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றின் கரையில் உள்ள ஹோஷங்காபாத், இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ளது. அந்த மாவட்டத்தின் பங்கேடி வட்டாரத்தில் இயங்கிய கிஷோர் பாரதி, ஹோஷங்காபாத் நகரை அடுத்த ரசூலியாவில் குவேக்கர்கள் என்ற கிறித்தவச் சமயக் குழுவினர் தொடங்கிய நட்புக் கிராம மையம் ஆகிய இரண்டு தன்னார்வ அமைப்புகள் 1972இல் மாநில அரசிடம் ஓர் அனுமதியைக் கேட்டுப் பெற்றன. பதினாறு கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை மட்டும், அரசின் பாடநூலை ஒதுக்கிவிட்டு, தங்கள் முறையில் நடத்திப் பார்ப்பதற்கான அனுமதி அது. கிஷோர் பாரதியை முன்னின்று நடத்திய அனில் சட்கோபால், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்த உயிர்வேதியியலாளர். அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் விடுமுறைகளில் வந்து பாடங்களை எழுதினார்கள், ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். 1978இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் இதற்கென்றே ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவாகிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பின்னர் மாநிலத்தின் வேறு பல மாவட்டங்களிலும் பரவி, இறுதியில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டியது.

இவர்களின் பாடநூலுக்கு 'பால வைஞானிக்' என்று பெயர். இளம் விஞ்ஞானி என்று பொருள். அதில் விடைகள் இல்லை. சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். செய்தபின் என்ன பார்த்தீர்கள், ஏன் அப்படி ஆனது என்று கேள்விகள் இருக்கும். விடையை மாணவர் தம் குறிப்பேட்டில் தாமே எழுத வேண்டும். வகுப்பு நான்கு நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து உட்காரும். ஒவ்வொரு குழுவுக்கும் சோதனைப் பொருள்கள் அடங்கிய கருவிப் பெட்டியிலிருந்து ஒரு பங்கு கிடைக்கும். ஆசிரியர் மேசை மீது செய்து காட்ட, மற்றவர்கள் எட்டிப் பார்க்கும் செய்முறைக்கு அங்கு இடமில்லை. கைகளால் செய்ய வேண்டும், செய்ததை நால்வரும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும், முடிவு ஒத்துவராவிட்டால் மீண்டும் செய்ய வேண்டும்.

இதில் சிந்தனை எங்கே வருகிறது என்பதை அளவீடு பற்றிய பாடத்தைக் கொண்டு விளக்கலாம். ஒரே மேசையின் நீளத்தைப் பல பேர் அளக்கிறார்கள். ஒருவருக்கு வந்த எண் மற்றவருக்கு வருவதில்லை. வழக்கமான வகுப்பில் இதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: ஒருவர் சரி, மற்றவர்கள் தவறு. தவறியவர் அளவுகோலைச் சரியாக வைக்கவில்லை, அவர் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஹோஷங்காபாத் வகுப்பில் எல்லா எண்களும் கரும்பலகைக்கு வருகின்றன. எந்த எண் அதிகம் முறை வந்திருக்கிறது, மற்றவை அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன, எந்த எண் மட்டும் ஒட்டாமல் தனித்து நிற்கிறது, அந்தத் தனித்த எண்ணுக்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்று வகுப்பு முழுவதும் யோசிக்கிறது. அளவீடு என்றாலே ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதும், அதைக் கையாளத் தோராயமும் சராசரியும் தேவைப்படுகின்றன என்பதும் அங்கிருந்து வருகின்றன. நிகழ்தகவு பாடத்திலும் இதே ஏற்பாடுதான். ஒரு குழு நாணயத்தைச் சில முறை சுண்டினால் பூவும் தலையும் தாறுமாறாக விழுகின்றன. எல்லாக் குழுக்களின் முடிவுகளையும் கூட்டிப் பார்த்தால்தான் பாதிக்குப் பாதி என்ற ஒழுங்கு தலைகாட்டுகிறது. தனி ஒருவரால் இந்தப் பாடத்தைக் கற்கவே முடியாது, அதற்கு ஒரு வகுப்பு தேவை.

பாடத்தைத் தாண்டிய ஒரு வேலையையும் இந்த ஏற்பாடு செய்தது என்பதே என் கருத்து. மாறுபட்ட விடை என்பது வகுப்பின் பொதுச் சொத்தாகிவிடும்போது, அதைச் சொன்னவர் அதற்காகக் கூச வேண்டியதில்லை. கரும்பலகையில் இருபது எண்கள் இருக்கையில் ஒவ்வொன்றும் ஒரு தரவு. பதின்வயதின் கூச்சத்தை அறிவுரையால் போக்க முடியாது. "தைரியமாகக் கேள், யாரும் சிரிக்க மாட்டார்கள்" என்று ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும் சிரிப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். தவறுவதற்கான விலையை வேலையின் அமைப்பே குறைத்துவிட்டால், அறிவுரைக்குத் தேவை வருவதில்லை.

குழு என்றாலே சமத்துவம் வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நால்வரில் ஒருவன் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு விடமாட்டான். கையெழுத்து நன்றாக இருக்கும் பெண்ணிடம் எழுதும் வேலை மட்டும் போய்ச் சேரும். ஊருக்குள் யார் யாரோடு சேர்ந்து உட்காரலாம் என்ற சாதி வழக்கம் வகுப்பு வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுவதில்லை. குழுவை யார் அமைப்பது, வேலையை எப்படி மாற்றி மாற்றிக் கொடுப்பது என்பவை அதனால்தான் ஆசிரியரின் முக்கிய முடிவுகளாகின்றன. இதில் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டால் நால்வர் குழு என்பது ஊரின் சிறு நகலாகவே முடியும்.

அந்தப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியில் இந்த வகுப்புகளின் மனநிலை தெரிகிறது. பூவின் பாகங்களைப் பிரித்துப் பார்ப்பதற்குக் கடையில் வாங்கும் ஊசி பயன்பட்டுக்கொண்டிருந்தது. கருவேல முள் அந்த வேலையை அதே அளவு நன்றாகச் செய்கிறது, காசும் இல்லை என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். திட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலைப் பணியிலிருந்து 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்து இங்கு வந்து, சைக்கிள் வால்வுக் குழாயையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவியல் மாதிரிகள் செய்யத் தொடங்கிய பொறியாளர் அரவிந்த் குப்தாவின் பொம்மைகள், பிற்பாடு தமிழ்நாட்டு அறிவியல் இயக்க முகாம்கள் வரை வந்து சேர்ந்தன.

பிள்ளைகளின் கேள்விகள் பாடநூலோடு நிற்கவில்லை. 'சவாலிராம்' என்ற கற்பனைப் பாத்திரம் ஒன்றை உருவாக்கி, மனத்தில் தோன்றும் எதையும் அவருக்குக் கடிதமாக எழுதலாம் என்று அறிவித்தார்கள். வந்த கடிதங்களுக்குத் தபாலில் தனித்தனியாகப் பதில் போனது. ஒரு கிராமத்துப் பிள்ளை தன் பெயர் எழுதிய உறையைப் பெறுவது அந்த ஊரில் சாதாரண நிகழ்ச்சியாக இருந்திருக்காது. ஆசிரியர்களுக்கும் இதையொட்டிய ஓர் உரிமை வழங்கப்பட்டது: தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்லும் உரிமை. சோதனைகளைப் பிள்ளைகளே செய்யும் வகுப்பில் எதிர்பாராத முடிவுகளும் எதிர்பாராத கேள்விகளும் வந்தே தீரும். எல்லாம் அறிந்தவர் என்ற நாற்காலியில் இருந்துகொண்டு அப்படி ஒரு வகுப்பை நடத்த முடியாது. "எனக்கும் தெரியவில்லை, செய்து பார்ப்போம்" என்று ஆசிரியர் சொல்லக் கேட்ட மாணவனுக்குத் தன் அறியாமை அவ்வளவு வெட்கப்படத்தக்கதாகத் தோன்றாது.

ஆனால் அந்த நாற்காலியை விட்டு இறங்குவது எளிதல்ல, தனியாக இறங்குவது அதனினும் கடினம். திட்டத்தை வகுத்தவர்கள் மிகுந்த உழைப்பைச் செலவிட்ட இடம் இதுதான், பின்னால் வந்த பல திட்டங்கள் நகலெடுக்க மறந்த இடமும் இதுவே. 6, 7, 8 ஆகிய ஒவ்வொரு வகுப்பின் பாடத்துக்கும் கோடையில் மூன்று வாரப் பயிற்சி நடந்தது. பயிற்சியில் ஆசிரியர்களும் நால்வர் குழுக்களாக உட்கார்ந்து, பிள்ளைகள் செய்ய வேண்டிய அதே சோதனைகளைச் செய்து, அதே போலச் சண்டையிட்டு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. பள்ளி திறந்தபின் மாதம் ஒருமுறை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் கூடி, எந்தச் சோதனை ஒத்துவரவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்று பேசினார்கள். அப்படிப் பேசியவை பாடநூலின் அடுத்த பதிப்புகளைத் திருத்தின. திட்டத்திற்கென்று ஆசிரியர்கள் எழுதும் இதழும் வெளிவந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்த அதே பாதுகாப்பு, தவறினாலும் மதிப்புக் குறையாத ஒரு கூட்டம், ஆசிரியர்களுக்கும் வேண்டியிருந்தது என்பதை இவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

தேர்வையும் மாற்றினார்கள். இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீணாகியிருக்கும். 8ஆம் வகுப்பு முடிவில் அரசு நடத்தும் தேர்வில் அறிவியல் தாளுக்குப் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்றும், எழுத்துத் தேர்வோடு கையால் செய்து காட்டும் தேர்வும் உண்டு என்றும் ஆனது. புத்தகத்தில் விடையே இல்லாதபோது அதைத் திறந்து வைப்பதில் காப்பியடிக்க ஒன்றும் இல்லை. கொடுக்கப்பட்ட அட்டவணையிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், இந்தச் சோதனையில் எதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்குச் சொந்தக் குறிப்பேடுதான் துணை. ஆண்டு முழுவதும் அதை ஒழுங்காக எழுதியவருக்கே அது உதவும்.

சக மாணவரோடு வாதிடுவது தனி மனிதரின் சிந்தனையை உண்மையில் வளர்க்கிறதா என்ற கேள்விக்கு வேறு இடங்களிலிருந்தும் விடை கிடைக்கிறது. நியூயார்க்கில் டியானா குன், அமாண்டா குரோவெல் ஆகிய இரு ஆய்வாளர்கள், ஒரு நடுநிலைப் பள்ளி மாணவர்களை 6ஆம் வகுப்பிலிருந்து மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் இருவர் இருவராகச் சேர்ந்து, எதிர்க்கருத்து கொண்ட இன்னோர் இணையோடு கணினி வழியே எழுத்தில் வாதிட்டார்கள். எழுத்தில் நடந்ததால், எதிராளி சொன்னதைத் திரும்பப் படித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசி, பிறகு பதில் எழுத நேரம் கிடைத்தது. ஒப்பீட்டுப் பிரிவினர் ஆசிரியர் நடத்திய முழுவகுப்பு விவாதத்தில் பங்கேற்று, இவர்களைவிட அதிகக் கட்டுரைகளும் எழுதினார்கள். இறுதியில் புதிய தலைப்பு ஒன்றில் ஒவ்வொருவரும் தனியாகக் கட்டுரை எழுதியபோது, இணையாக வாதிட்டவர்களே இரு தரப்பையும் எடைபோட்டு எழுதினார்கள். தம் கருத்துக்குச் சான்று தேவை என்ற உணர்வும் அவர்களிடமே மிகுந்திருந்தது. கட்டுரை எழுதிப் பழகியவர்களை, வாதிட்டுப் பழகியவர்கள் கட்டுரையிலேயே விஞ்சினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இலண்டனில் 1980களில் மைக்கேல் ஷேயரும் பிலிப் ஏடியும் பதினொரு, பன்னிரண்டு வயதினருக்காக இரண்டு ஆண்டுகளில் முப்பது பாடங்கள் கொண்ட ஒரு திட்டத்தை உருவாக்கினார்கள். பிள்ளைகள் எதிர்பார்ப்பது நடக்காத ஒரு சோதனை, அதைப் பற்றிக் குழுவாக விவாதம், தாம் எப்படி யோசித்தோம் என்று திரும்பிப் பார்ப்பது என்பது அதன் போக்கு. சில ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளைகள் அறிவியலில் மட்டுமின்றிக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பொதுத் தேர்வில் முன்னேறியிருந்தது தெரியவந்தது. ஆனால் அதன் வழிவந்த திட்டம் ஒன்றைப் புதிய பள்ளிகளில் பரவலாகச் சோதித்து 2016இல் வெளியான மதிப்பீட்டில் பயன் எதுவும் தென்படவில்லை. காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. எனினும் பாட ஏடுகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது போல், விவாதிக்கும் ஒரு வகுப்பை அனுப்ப முடியாது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்வதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

ஹோஷங்காபாத் திட்டத்தை மத்தியப் பிரதேச அரசு 2002இல் நிறுத்தியது. இந்த முறையில் படித்தவர்கள் 10ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உள்ளூர் அரசியல்வாதிகளிடமிருந்து எழுந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தும் முடிவு மாறவில்லை. அரசைக் குறை சொல்வது எளிது, அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகள் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை 9ஆம் வகுப்பில் மனப்பாடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தன் பிள்ளையின் குறிப்பேட்டில் ஆசிரியர் சொல்லி எழுத வைத்த விடைகளைக் காணாத தகப்பனாருக்கு, பள்ளியில் படிப்பு நடக்கிறதா என்ற ஐயம் வருவது இயல்பு. மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஒரு சமூகமாக்கிய திட்டம், பெற்றோரை அந்த அளவுக்கு உள்ளே கொண்டுவரவில்லை; இக்கட்டு வந்தபோது வாதாடியவர்களில் வெளியிலிருந்த அறிஞர்களின் குரலே ஓங்கி ஒலித்தது.

திட்டம் போனாலும் அதில் உருவானவர்கள் போகவில்லை. ஏகலவ்யாவை நிறுவியவர்களில் ஒருவரான வினோத் ரெய்னா, பிற்பாடு அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பிலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் உருவாக்கத்திலும் பெரும் பங்காற்றினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்ததே. அது 1987 முதல் வெளியிடும் 'துளிர்' இதழும், பத்து முதல் பதினேழு வயதினர் தம் ஊரின் குளத்தையோ குப்பையையோ ஆராய்ந்து அறிக்கை தரும் குழந்தைகள் அறிவியல் மாநாடும், அதே வேரிலிருந்து நீர் உண்டவை.

தமிழ்நாட்டு நடுநிலை வகுப்புகளுக்கு இன்று ஒரு வசதி இருக்கிறது: 8ஆம் வகுப்பு வரை பொதுத் தேர்வு இல்லை. 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று 2019இல் வந்த அறிவிப்பு, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டு பள்ளி பள்ளியாகக் கருத்தாளர்கள் செல்லும் வானவில் மன்றம் 2022 நவம்பரில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காகத் திருச்சியில் தொடங்கப்பட்டது. மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து அணிகளாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் 2024இல் வந்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் வெளியிலிருந்து வருபவர் ஒரு நாள் வியக்க வைத்துவிட்டுப் போவதற்கும், வகுப்பின் சொந்த ஆசிரியர் ஆண்டு முழுவதும் "ஏன்" என்று கேட்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. அணிகளில் ஓர் ஆபத்து உண்டு: தவறான விடையால் ஒருவர் தன் அணியின் புள்ளியை இழக்க வைத்துவிட்டால், வாய் திறப்பதற்கான விலை கூடத்தான் செய்யும். வினாடி வினாவில் புள்ளி கொடுப்பதை விட, ஓர் அணி மற்றோர் அணியிடம் கேட்ட நல்ல கேள்விக்குப் புள்ளி கொடுப்பது இந்த வயதுக்குப் பொருந்தும்.

ஹோஷங்காபாத் ஆசிரியர்களின் மாதக் கூட்டத்துக்கும் இங்கு ஓர் இணை இருக்கிறது. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் குறுவள மையங்களில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டங்களின் பெரும்பகுதி மேலிருந்து வரும் காணொலிகளையும் அறிவுறுத்தல்களையும் பெற்றுக்கொள்வதில் கழிகிறது என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு மணி நேரத்தை, அந்த மாதம் தம் வகுப்பில் மாணவர் கேட்டு, தமக்கு விடை தெரியாமல் போன கேள்விகளுக்கு ஒதுக்கிக்கொள்வதற்குத் தனி நிதியோ புதிய அரசாணையோ தேவைப்படாது.